'தெரிந்தவர்களிடம் கேளுங்கள்'

(முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



மெய்நிகர் உதவியாளர் என்பவர், வேறொருவரின் மின்னஞ்சல், பில், பயண முன்பதிவு போன்றவற்றை வீட்டிலிருந்தே பார்த்துக்கொடுப்பவர். வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி என்று கேட்டால், முதலில் வரும் அறிவுரை: தெரிந்தவர்களிடம் கேளுங்கள். யாருக்குத் தெரிந்தவர்கள்? சித்தப்பா ஆடிட்டராக இருப்பவருக்கு அது ஒரு போன். எங்கள் தெருவில் உதவியாளர் வைத்துக்கொள்கிறவர் ஒருவரும் இல்லை.

விண்ணப்பித்தாலோ பெயர் முந்திக்கொள்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்குப் போயின. தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டச் சொன்னது. அதனால்தான் நம்மிடம் 'முழுப் பெயர் என்ன?' என்று இரண்டாம் முறையும் கேட்கிறார்கள்.

ஆகவே 'எல்லா வேலையும் செய்வேன்' என்று போடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் பரிந்துரை உள்ளவரே ஜெயிப்பார். குறிப்பான ஒரு வேலையைப் பிடியுங்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றபோது நான் பிடித்தது துணைநூற்பட்டியல். ஆராய்ச்சிக்காக ஜோட்டெரோ மென்பொருளோடு மல்லுக்கட்டிய அனுபவம் இருந்தது. என் கட்டுரை ஒன்றின் பட்டியலை இரண்டு இதழ்களின் நடைக்கு மாற்றி, மாதிரியாக இணைத்து, என் துறையில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். பலர் பதிலே போடவில்லை. போட்டவர்களில் ஒருவர் இன்றும் மாதாமாதம் வேலை தருகிறார். ஆய்வேட்டையே எழுதித் தரக் கேட்டவர்களும் உண்டு, மறுத்துவிட்டேன்.

உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். அம்மாவின் சுயஉதவிக் குழுக் கணக்கை எழுதியவர், சிறு வணிகர்களின் பில்களைத் தொகுத்து ஆடிட்டருக்குத் தயார்செய்யலாம். சாதிச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம் என்று தெருவுக்கே மனு நிரப்பிக் கொடுத்தவருக்குத் தொண்டு நிறுவனங்களின் விண்ணப்ப வேலை கைவந்த வேலை. ஊரில் அதற்கு யாரும் காசு கொடுத்ததில்லை என்பதால் அதைத் திறமை என்றே நாம் எண்ணுவதில்லை.

வாடிக்கையாளரையும் நாம் சோதிக்க வேண்டும். வேலையை எழுத்தில் தருவாரா? பாதிப் பணம் முன்னால் வருமா? 'முதல் மாதம் இலவசமாகப் பார்ப்போம்' என்றால் வேண்டாம். கூலியில்லா வேலையை நம் தாத்தாக்கள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். முதல் அழைப்பிலேயே 'ஊரில் எந்தத் தெரு?' என்பவரிடம் கட்டணமே பேசாதீர்கள்.

என் மாதிரிப் பக்கங்களைக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் பாருங்கள். உங்களுடையதையும் அங்கேயே எழுத ஆரம்பிக்கலாம்.