பருத்த தேகமும் பரிமாறும் கையும்

(மணமேல்குடியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களிற் பலர்க்கு வியப்பை விளைக்கக்கூடும். தமிழ்ப் பண்டிதனொருவன் இலக்கணத்தையும் புராணத்தையும் விடுத்து, தேகத்தின் பருமனைக் குறைக்கும்பொருட்டு இரைப்பையிற் செய்யப்படும் இரணசிகிச்சையைப்பற்றிப் பேசப்புகுவது தன் எல்லையைக் கடப்பதாகாதா என்று வினவுவாருமிருப்பர். யான் வைத்தியனல்லேன். வைத்தியர் சொல்லக் கேட்டவற்றையும், ஒரு குடும்பத்திற் கண்ணாரக் கண்டவற்றையுமே சொல்லப்போகிறேன். அக்குடும்பம் என் குடும்பமே. நம்மவரில் இச்சிகிச்சை செய்துகொண்டோர் சிலர் உளர்; செய்துகொண்டதை வாய்விட்டுச் சொன்னவர் ஒருவருமிலர். அம்மறைவினால் விளைந்த கேட்டில் எனக்கும் பங்குண்டாதலின் இச்சபையில் ஒளியாது பேசத் துணிந்தேன்.

முதலில் இச்சிகிச்சையின் இயல்பு. 1960-களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்னும் வைத்தியர், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் முறையைக் கொணர்ந்தார். அந்நாளில் வயிற்றை நீளக் கிழித்துச் செய்தனர். இந்நாளிலோ, கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு போன்றோர் நம் நாட்டில் வளர்த்த ‘லேப்ராஸ்கோப்பி’ என்னும் முறையால் சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்கின்றனர். இப்பொழுது மிகுதியும் வழங்குவது, இரைப்பையில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கை நீக்கி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற குழலாக விடும் முறை. நீக்கிய பாகம் மீள வளராது. அதனை நன்கு சிந்தித்தே இதிற் புகவேண்டும்.

“வாயைக் கட்டமாட்டாதவன் வயிற்றை அறுத்துக்கொள்கிறான்” என்று நம் திண்ணைகளில் எள்ளக் கேட்டிருக்கிறேன். யானும் ஒருகால் அவ்வாறு எள்ளியவனே. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்பாள் யானைத்தீ என்னும் நோயுற்று, எவ்வளவு உண்டும் பசி ஆறாது வருந்தினாள் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். அவளைச் சாத்தனார் பெருந்தீனிக்காரி என்று இகழ்ந்தாரில்லை. அதனை நோயென்றே கொண்டார். 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இரைப்பையிலேயே பெரும்பாலும் சுரந்து பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் பொருளைக் கண்டனர். மேலே சொல்லிய முறையில் நீக்கப்படும் பாகமே அது மிகுதியாகச் சுரக்குமிடம். பட்டினி கிடந்து இளைத்தவரிற் பலர் மீளவும் பருத்துப்போதல் மன உறுதியின்மையால் மட்டும் அன்று. இளைத்த தேகமே பசியைப் பெருக்கிக்கொள்கிறது.

நிற்க. யாவர்க்கு இச்சிகிச்சை தகும்? எடையைக் கிலோவிற் கொண்டு, மீட்டரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வரும் எண்ணை வைத்தே வைத்தியர் பேசுகின்றனர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளான் 102 கிலோ எடையுடையனாயின் அவ்வெண் 37½. நம் நாட்டார்க்கு 37½ என்றும், சர்க்கரை நோய் முதலியன உடன்வரின் 32½ என்றும் முன்னர் வரையறுத்திருந்தனர். 2022-இல் சர்வதேச வைத்திய சங்கங்கள் ஆசியர்க்கு 27½ முதலே ஆலோசிக்கலாமெனத் தாழ்த்தின. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தார் 2019-இல் வகுத்த விதியோ 40 என்றும், கடுநோய்கள் உடனிருப்பின் 35 என்றும் கூறுகிறது. ஆதலால் வைத்தியர் சம்மதித்தமையாலேயே இன்ஷூரன்ஸ் பணம் வருமென்று நிலத்தை அடகு வைத்துவிடாதீர்கள். எழுத்து மூலம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு முன் ஆயத்தம் பலவுண்டு. சர்க்கரை, இருதயம், தைராய்டு ஆகியவற்றைச் சோதித்தல்; குறட்டையோடு மூச்சுத் தடைப்படுகிறதா என்று உறக்கத்திற் சோதித்தல்; இரைப்பையுட் குழாய் விட்டுப் பார்த்தல்; மனநல வைத்தியரோடு உரையாடல். புகை பிடிப்போர் பல வாரங்களுக்கு முன்னரே அதனை விட்டொழிக்க வேண்டும். எடை குறைக்க ‘செமாக்ளூடைட்’ போன்ற ஊசி போட்டுக்கொள்வோர் அதனை மயக்கமருந்து வைத்தியரிடம் மறையாது சொல்ல வேண்டும். அம்மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துமாதலின், மயக்கத்தில் உணவு மேலெழுந்து மூச்சுக்குழலிற் புகக்கூடும்.

இவற்றினும் முக்கியமாவது, சிகிச்சைக்கு முந்திய இரு வாரங்கள் பெரும்பாலும் நீராகாரத்தில் இருத்தல். ஏனெனில், பருத்தவர்க்குக் கல்லீரல் கொழுப்பேறி வீங்கி இரைப்பையை மூடிக் கிடக்கும். குறைந்த ஆகாரத்தால் அது சுருங்கினாலன்றி வைத்தியர் கருவிக்கு வழியில்லை. நம்மவரோ இதற்கு நேர்மாறாக, “இனி உண்ணக் கிடைக்குமா?” என்று அவ்விரு வாரங்களிலே பரோட்டாக் கடையையும் பிரியாணிக் கடையையும் வலம் வருகின்றனர். என் மருமகனும் அதையே செய்தான் என்று பின்னர் அவன் வாயாற் கேட்டேன்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சென்னையை அடுத்த ஒரு தனியார் மருத்துவமனையில் புதுச்சேரி இளைஞரொருவர் இச்சிகிச்சையின்போது இறந்ததும், அரசாங்கத்தார் விசாரணை செய்ததும் பத்திரிகைகளில் வந்தன. அச்செய்தி கேட்டு முற்றும் அஞ்சுதலும் வேண்டா. அதை மறத்தலும் தகாது. தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இரவில் வைத்தியர் இருப்பரா, மயக்கமருந்து கொடுப்பவர் யார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இனி என் குடும்பத்துக் கதைக்கு வருகிறேன். என் தங்கையின் மகன் 168 சென்டிமீட்டர் உயரமும் 124 கிலோ எடையும் உடையவனாய், முப்பது வயதிலேயே சர்க்கரை நோயுற்று, மாடிப்படி ஏறமாட்டாது வருந்தினான். நகரத்தில் இச்சிகிச்சை செய்துகொண்டான். பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தமையால், “குடல் இறக்கத்துக்கு மருந்து சாப்பிடுகிறான்” என்று சொல்லி என்னிடமும் மறைத்துவிட்டாள் என் தங்கை. சிகிச்சையாகி ஐந்தாவது வாரம் உறவில் ஒரு மொய் விருந்து. நம் பக்கத்து மொய் விருந்து எத்தகையதென்று உங்கட்குச் சொல்லவேண்டுவதில்லை. ஆட்டுக்கறிக் குழம்பு வாளியோடு பந்தியில் நடந்தவன் யானே. “என்னடா மாப்பிள்ளை, இப்படி இளைத்துப்போய்விட்டாயே” என்று இலை நிறையக் கறியை வைத்தேன். “போதும் மாமா” என்றான். இலையில் வைத்ததை மீத்தல் வைத்தவனை அவமதிப்பதாகுமென்று நம்மில் உள்ள வழக்கத்தை அறிந்தவனாதலால், பக்கத்திலிருந்தோர் பார்க்க உண்டான். யான் மறுமுறையும் வைத்தேன்.

அன்றிரவு தொடங்கியது வாந்தி. மறுநாள் தண்ணீரும் தங்கவில்லை. ஒரு வாரம் சிறிது தணிவதும், மறுவாரம் மிகுவதுமாக நாட்கள் சென்றன. கண்ணேறு என்றனர், திருநீறு இட்டனர். மூன்றாம் வாரத்தில் கால்கள் தள்ளாடின. ஒரு பொருள் இரண்டாகத் தோன்றிற்று. கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டான். வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். “இதற்கு முன் ஏதேனும் ஆபரேஷன் உண்டா?” என்று அங்கிருந்த வைத்தியர் கேட்டார். என் தங்கை இல்லையென்று தலையசைத்தாள். மயக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே கிடந்த பிள்ளைதான், தன் சட்டையைத் தூக்கி வயிற்றிலிருந்த துளை வடுக்களைக் காட்டினான்.

அவனுக்கு வந்தது ‘தயாமின்’ என்னும் வைட்டமின் குறைவு. நம் முன்னோர் அறிந்த பெரிபெரி நோயின் இனம் அது. நம் பக்கத்தவர் பலர்க்கு மலேயாவோடு தொடர்புண்டு. அந்நாட்டிற் பணிபுரிந்த பிராடன் என்னும் வைத்தியர் 1907-இல் பெரிபெரியைப்பற்றி ஒரு நூலெழுதினார். தீட்டிய பச்சரிசியுண்ட சீனக் கூலிகள் அந்நோயால் திரள்திரளாக மடிய, புழுங்கலரிசியுண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தேகத்தில் அச்சத்து சில வாரங்களுக்கு மேற் சேமித்திருப்பதில்லை. ஓயாத வாந்தியால் விரைவில் தீர்ந்துவிடும். அந்நிலையில் அதனைச் செலுத்தாது சர்க்கரை நீரை மட்டும் இரத்தத்தில் ஏற்றினால் மூளைக்குக் கேடு மிகும். அவ்வைத்தியர் கேட்ட கேள்வியின் பொருள் அதுவே. ஊசி போட்ட சில நாட்களில் கண் தெளிந்தது. கால் தேறப் பல மாதங்கள் ஆயின. இன்றும் இருட்டில் நடக்கச் சுவரைத் தொட்டுக்கொள்கிறான்.

சிகிச்சைக்குப் பின் இருக்கவேண்டிய முறையை யான் அதன் பின்னரே கற்றேன். அன்றே எழுந்து நடக்கச் செய்வர். நடவாதார்க்குக் காலில் இரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறும் அபாயமுண்டு. முதற்கண் தெளிநீர், மோர்த்தெளிவு, பருப்புநீர்; பின்னர்க் கடைந்த ஆகாரம்; பின்னர் மெல்லிய ஆகாரம்; ஒவ்வொரு படிக்கும் நாள் வைத்தியரே குறிப்பர். உண்ணும்போது நீர் பருகலாகாது. அரைமணி கழித்தே பருகவேண்டும். புரதம் நாளொன்றுக்கு 60 கிராமேனும் சேரவேண்டுமாதலால் சோற்றுக்கு இலையில் இரண்டாமிடமே. இவ்விஷயத்திற் கடற்கரையோராகிய நாம் பாக்கியவான்கள். கிழங்கான் மீனை முள் நீக்கி மசித்துக் கொடுப்பதும், சுறாப்புட்டும் நம் வீட்டுப் பெண்டிர்க்குக் கைவந்தவை. புலால் உண்ணாதார்க்குப் பயறும் தயிரும் உள. இரும்பு, கால்ஷியம், பி-12 முதலியவற்றை ஆயுள் முழுதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ கொள்ளவேண்டும். மூன்றாம் மாதமளவில் தலைமயிர் உதிரும். சத்துக் குறையாதிருப்பின் பெரும்பாலும் மீளும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரை கருத்தரித்தலைத் தள்ளிவைக்க வேண்டும். மணம் பேசும் பெற்றோர் அதனை மறைத்தால், புகுந்த வீட்டார் முதல் மாதத்திலேயே “விசேஷம் உண்டா?” என்று கேட்கும்போது அப்பெண் என் செய்வாள்?

முதல் நாட்களில் நாடி விரைதல், ஜுரம், மூச்சிரைப்பு, தோள் வரை செல்லும் வயிற்றுவலி தோன்றினும், எப்பொழுதாயினும் வாந்தி நில்லாவிடினும் காலந்தாழ்த்தாது செல்லுங்கள். இங்கிருந்து அறந்தாங்கிக்கும், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்கும் வண்டி வைத்துக்கொண்டு போகும் நேரத்தை முன்னரே கணக்கிட்டு வையுங்கள்.

மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கென்பர் வள்ளுவர்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன். இவ்வதிகாரத்தைப் பல்லாண்டுகளாகப் பிள்ளைகட்குக் கற்பித்துவந்த யான், நாலாமவன் யானே என்பதை அறியாது கறிவாளியோடு நின்றேன். பலராய் வரினும் ஒருவராய் வரினும் அடியார்க்கு அமுதூட்டிய குலச்சிறை நாயனார் அவதரித்த தலம் இது. ஊட்டும் பெருமை நமக்குண்டு. ஊட்டுங்கால் உண்பான் வயிற்றையும் நோக்குதல் அப்பெருமைக்குக் குறைவன்று.

ஆகவே ஒரு தீர்மானத்தைச் சபை முன் வைக்கிறேன். வரும் ஆவணியில் நம்மவர் நடத்தும் மொய் விருந்துகளில், பந்தியின் ஓரத்தே ஒரு மேசை இடுக. அதில் இலைக்குப் பதிலாகச் சிறு கிண்ணங்களும், மசித்த மீன், பருப்பு, தயிர், இட்டலி ஆகியனவும் வைக்கப்படுக. சர்க்கரை நோயாளர், முதியோர், சிகிச்சை செய்துகொண்டோர் யாவரும் காரணம் கேட்கப்படாது அங்கே அமரலாம். அங்கே அமர்ந்தவர்க்கு மறுமுறை வைப்பதும், மொய் குறைந்ததோ என்று நோக்குவதும் கூடா. இதற்கு ஆகும் செலவில் முதற்பங்கை யான் தருகிறேன். என் மருமகன் இக்கூட்டத்தின் பின்வரிசையில் இருக்கிறான். மேற்சொன்னவற்றையெல்லாம் அவன் அநுமதி பெற்றே சொன்னேன். தீர்மானத்தை ஆமோதிப்பவன் அவனே.