தொலைவிலிருந்து முழங்கால் பயிற்சி

புனேயிலும் சூரத்திலும் தில்லியிலும் குடியமர்ந்துவிட்ட நம் வீடுகளில், முதியோருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடைபெறுவது இன்று அரிய செய்தியன்று. அறுவை முடிந்து வீடு திரும்பிய பின்னரே மெய்யான உழைப்பு தொடங்குகிறது. முதல் சில வாரங்களில் காலை மடக்கியும் நீட்டியும் பழகாவிடில் மூட்டு விறைத்துவிடும். நாற்காலியில் அமர்ந்து எழுவதற்கே முழங்கால் 90 பாகைக்குக் குறையாமல் மடங்கியாக வேண்டும்.

இப்பயிற்சியைத் தருபவரை இயன்முறை மருத்துவர் என்கிறோம். பிசியோதெரபிஸ்ட் என்றால் யாவருக்கும் விளங்கும். அவர் மராத்தியில் சொல்வது அம்மாவுக்குப் புரிவதில்லை. ‘சுள்ளென்கிறது’, ‘குடைகிறது’, ‘மரத்துப் போகிறது’ என்று அம்மா சொல்வது அவருக்குப் புரிவதில்லை. நடுவே நிற்கும் பேரன் மூன்றையும் வலி என்ற ஒரே சொல்லாக்கி முடித்துவிடுகிறான். சிகிச்சைக்கோ அம்மூன்றும் மூன்று செய்திகள்.

இவ்விடத்தில்தான் கைப்பேசி நமக்குத் துணையாகிறது. மதுரையிலோ கோவையிலோ இருக்கும் ஒருவர், முகம் பார்த்துத் தமிழில் பேசியே பயிற்சி தரலாம். இது வெறும் வசதிப் பேச்சன்று. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட 205 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டுக்கே சென்றும் மற்றவருக்குக் காணொளி வழியாகவும் பயிற்சி தந்தனர். காணொளிப் பிரிவினர் பின்தங்கவில்லை என்பது 2015இல் வெளியான முடிவு.

கைப்பேசி அளவுகோலாகவும் உதவும். மூட்டுக் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் என்னும் கருவியின் வேலையை, அதனுள் இருக்கும் உணரிகள் ஓரளவு செய்துவிடுகின்றன. சென்ற வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணாகக் கண்டால் முதியவருக்கு ஊக்கம் பிறக்கிறது.

ஆயினும் திரைக்குத் தொடுவுணர்வு இல்லை. கெண்டைக்கால் வீங்கிச் சூடேறியிருப்பது இரத்தக்கட்டின் அறிகுறியாகலாம். அச்சூட்டைக் கைதான் அறியும். கல்வியிலும் அவ்வாறே. ஒருவர் நடக்கும் நடையை மெதுவாக ஓடவிட்டுப் பத்து முறை பார்க்கும் வாய்ப்பு மாணவருக்குப் பெரும் பேறு. ஆனால், மடங்கும் மூட்டு இறுதியில் தடைபடுவது தசையாலா எலும்பாலா என்பதை மாணவர் தம் விரல்களால்தான் கற்க வேண்டும். படத்தைப் பார்த்தே தேர்ந்தவரிடம் காலை ஒப்படைக்க நாம் துணிய மாட்டோம்.

வீட்டாரே பார்த்துக்கொள்வோம் என்பதும் போதாது. பக்கவாத நோயாளிகளின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கற்பித்து, இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. ஆறு திங்களுக்குப் பின் இறப்போ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ அதனால் குறையவில்லை. நோய் வேறாயினும், கற்றவரின் கண் தொடர்ந்து வேண்டும் என்றே நாம் இதனைக் கொள்கிறோம்.

ஆகவே முதற்பார்வை உள்ளூரில், நேரில் நடக்கட்டும். அறுவை செய்த மருத்துவரின் குறிப்பும் கையில் இருக்கட்டும். இடைப்பட்ட நாட்களுக்குத் தமிழ்க் காணொளி போதும். அப்போது கைப்பேசியை இடுப்புயரத்தில், பக்கவாட்டில், ஆறடி தள்ளி நிறுத்துங்கள். சன்னல் வெளிச்சம் அம்மாவின் முதுகுப்புறம் விழலாகாது. நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்கட்டும். அருகே ஒருவர் நிற்கட்டும். ஆனால் பதிலை அம்மாவே சொல்லட்டும்.