வியாழக்கிழமை ஐந்து மணி

ஒரு பெண், ஆறு வருடமாக வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்கு ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவிடமும் கணவரிடமும் சொல்லாததையெல்லாம் அந்த அறையில் சொல்லியிருக்கிறார். ஒருநாள் ஆலோசகர், "இன்னும் இரண்டு மாதத்தில் நான் ஊர் மாறுகிறேன்" என்கிறார். அல்லது, "நீங்கள் நன்றாகத் தேறிவிட்டீர்கள், முடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார். இரண்டில் எதைக் கேட்டாலும் வயிற்றைப் பிசைகிறது.

இதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? கவுன்சலிங் போவதையே வீட்டில் மறைத்தவர், அது நின்றுபோனதற்கு வீட்டில் எப்படி அழுவார்? தோழியிடம் சொன்னால், "காசு கொடுத்துப் பார்த்தவர்தானே, இன்னொருத்தரைப் பார்த்துக்கோ" என்பாள். ஓய்வு பெறும் வாத்தியாருக்கு மாலையும் பொன்னாடையும் உண்டு. சாவு வீட்டுக்கு நாள் கணக்கு உண்டு, துக்கம் விசாரிக்க ஆள் உண்டு. இந்தப் பிரிவுக்கு எதுவும் இல்லை. அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய துயரத்தை விவரித்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இழப்பு உண்மையானது, ஊர்தான் அதை இழப்பாக எண்ணுவதில்லை.

இதற்கு அடியில் வெட்கப்பட்டுக் கேட்காமல் விடும் ஒரு கேள்வி இருக்கிறது. 'அவர் எனக்கு இவ்வளவு முக்கியம். நான் அவருக்கு யார்? டயரியில் ஒரு பெயர் மட்டும்தானா?'

நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கதை இதற்கு உதவும். 1910-இல் செர்கேய் பன்கேயெவ் என்ற ரஷ்ய இளைஞர் வியன்னாவில் உளப்பகுப்பாய்வு மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டிடம் சிகிச்சைக்கு வந்தார். அறை பழகிவிட்டது, மாற்றம் மட்டும் வரவில்லை. கடைசியில் ஃபிராய்ட் ஒரு தேதி குறித்தார். தேறினாலும் தேறாவிட்டாலும் அன்றோடு முடியும் என்றார். அதுவரை வெளிவராதவை அந்தக் கடைசி மாதங்களில்தான் வெளிவந்தன. 1914 கோடையில் சிகிச்சை முடிந்தது.

எல்லாம் குணமாகிவிட்டது என்றே ஃபிராய்டும் நம்பினார். ஆனால் போரும் புரட்சியும் முடிந்து, சொத்தையெல்லாம் இழந்த பன்கேயெவ் 1919-இல் திரும்பி வந்தார். பிறகு வேறொரு மருத்துவரிடமும் போனார். முழுக் குணம் என்று தான் நம்பியது தவறு என்று 1937-இல் ஃபிராய்டே எழுதினார். ஆகவே, முடிந்த பிறகு மறுபடி உதவி தேவைப்பட்டால் அது உங்கள் தோல்வி ஆகாது.

முடிவு என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அதனால் முதலில், இன்னும் எத்தனை சந்திப்பு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சந்திப்புக்குப் போகாமல் இருக்கப் பலருக்கும் ஒரு காரணம் வந்து வாய்க்கும்: தலைவலி, ஆபீஸ் மீட்டிங், மழை. விடைபெறும் வலிக்குப் பயந்து மனம் செய்யும் வேலை அது. தவறாமல் போங்கள்.

கோபம் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். "பாதியில் விட்டுவிட்டுப் போகிறீர்களே" என்று சொல்லக்கூடிய இடம் அந்த அறைதான். 'நான் உங்களுக்கு யார்?' என்ற கேள்வியையும் கேளுங்கள். தேவைப்பட்டால் திரும்ப வரலாமா, வேறு யாரைப் பார்க்கலாம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முடிவு நெருங்கும்போது பழைய தூக்கமின்மையும் படபடப்பும் தலைகாட்டலாம். அதனாலேயே ஆறு வருட உழைப்பு வீண் என்று முடிவு கட்ட வேண்டாம்.

சந்திப்புகள் முடிந்த பிறகு வரும் முதல் வியாழன் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை உடனே வேறு வேலையால் அடைத்துவிடாதீர்கள். சில வாரம் அது உங்களுடையதாகவே இருக்கட்டும். நடக்கப் போங்கள், நோட்டில் எழுதுங்கள். 'இதைச் சொல்லியிருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார்?' என்று யோசித்துப் பாருங்கள். பல சமயம் அந்தக் கேள்வி உங்கள் குரலிலேயே வரும். அதுதான் நீங்கள் அங்கிருந்து கொண்டுவந்த சொத்து.

ஆலோசகரின் நோயாலோ மரணத்தாலோ விடைபெறாமலே சந்திப்புகள் முடிந்துபோனவர்களும் உண்டு. அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அனுப்ப முடியாவிட்டாலும். அடுத்த ஆலோசகரிடம் முதலில் இந்த இழப்பைப் பற்றியே பேசுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இந்தியாவில் எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

பன்கேயெவ் கதையில் ஒன்று மிச்சம் இருக்கிறது. விடைபெறும்போது நோயாளி ஒரு பரிசு கொடுப்பது, நன்றிக்கடனின் பாரத்தைக் குறைக்கும் என்று ஃபிராய்ட் கருதினார். பன்கேயெவ் ஒரு சிறிய எகிப்தியப் பெண் சிலையைக் கொடுத்தார். சுமார் இருபது வருடம் கழித்து ஒரு பத்திரிகையைப் புரட்டியபோது, மேசை முன் அமர்ந்திருக்கும் ஃபிராய்டின் படம் கண்ணில் பட்டது. அந்த மேசையில் பன்கேயெவ் கொடுத்த சிலை இருந்தது.

'நான் அவருக்கு யார்?' என்று அவரும் கேட்டிருப்பாரோ, என்னவோ. படத்தைப் பார்த்தவுடன் தன் சிலையை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.