ஆழ்கடலில் மூச்சும் தெளிவும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யான் பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் பார்சல் எழுத்தராகப் பணியாற்றுபவன், விஞ்ஞானி அல்லன். ஆயினும், கடலடியில் மூச்சுவிடும் முறையைப் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் என் வீட்டிலேயே உண்டு.

நம் நகருக்குத் தெற்கே கோவளம், விழிஞம் கரைகளில், பாறையில் ஒட்டிய சிப்பியை எடுக்க மீனவர்கள் மூச்சடக்கி மூழ்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். தூத்துக்குடிக் கடலில் நம்மவர் முத்துக் குளித்ததும் இவ்வாறே. அவர்களுக்கு ஒரு மூச்சே முதல். அது தீருமுன் மேலே வந்தாக வேண்டும். இன்று பொழுதுபோக்காகக் கடலில் இறங்குவோர், அழுத்தி நிரப்பிய காற்று உருளையை முதுகில் சுமக்கின்றனர். மூச்சு நீண்டது, அபாயமோ வேறு உருக் கொண்டது.

என் மூத்த மகன் கோவளத்தில் இக்கலையைப் பயின்றான். பின்னர் நண்பர்களுடன் அந்தமான் சென்று 35 மீட்டர் ஆழம் வரை இறங்கினான். அங்கே காற்றின் அளவைக் காட்டும் கருவியைப் பார்த்தானாம். முள் தெரிந்ததாம், பொருள் விளங்கவில்லையாம். காரணமின்றிச் சிரிப்பும் வந்ததாம். வழிகாட்டி அவன் கையைப் பற்றிப் பத்து மீட்டர் மேலே கொணர்ந்ததும் புத்தி தெளிந்தது. "அப்பா, அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்தேன்" என்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவன் மயங்கியது ஏன்? காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு பிராணவாயு. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. 60 மீட்டரில் ஏழு மடங்கு. அழுத்தம் ஏற ஏற, நைட்ரஜன் கள்ளைப் போல அறிவை மயக்குகிறது. உயிர் காக்கும் பிராணவாயுவும் அளவு மீறினால் வலிப்பை உண்டாக்கும். நீருக்குள் வலிப்பு வந்தால் மரணமே.

இதற்குக் கண்ட வழியே ஹீலியம். இது மயக்கம் தருவதில்லை. இலேசானதாதலால் ஆழத்தில் மூச்சு இழுப்பதும் எளிதாகிறது. 18 பங்கு பிராணவாயு, 45 பங்கு ஹீலியம், எஞ்சிய 37 பங்கு நைட்ரஜன் என்று கலந்தால், 60 மீட்டரில் இருப்பவனுக்கு, காற்றைச் சுவாசித்து ஏறத்தாழ 23 மீட்டரில் இருப்பவனது மயக்கமே உண்டாகும். 1939-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் 'ஸ்குவாலஸ்' நீர்மூழ்கி 70 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அமிழ்ந்தது. அதை மீட்கையில், காற்றைச் சுவாசித்தோர் தடுமாறிய ஆழத்தில், ஹீலியம் கலவையைச் சுவாசித்தோர் தெளிவுடன் பணி செய்தனர்.

இவ்வாயுவுக்கும் நம் நாட்டுக்கும் உறவுண்டு. 1868 ஆகஸ்டு 18-இல் முழுச் சூரிய கிரகணத்தின்போது, குண்டூரில் பிரெஞ்சு வானியலார் ழான்செனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய ஒளியை ஆராய்ந்தனர். அதன் மஞ்சள் வரை ஒன்று பூமியில் அறியப்படாத தனிமத்துக்குரியது என இங்கிலாந்தின் லாக்கியர் கருதினார். 1895-இல் ராம்சே அதைப் பூமியிலும் கண்டார். பழைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சி, சவறா மணலிலுள்ள மோனசைட்டிலும் தோரியம் சிதைந்து ஹீலியம் பிறக்கிறது. எனினும், நமக்கு வேண்டிய ஹீலியத்தைப் பெரும்பாலும் அயல்நாடுகளிலிருந்தே தருவிக்கிறோம். ஆதலின் விலை மிகுதி.

என் மகன் இப்போது ஹீலியக் கலவை பயில விரும்பிப் பணம் கேட்கிறான். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 40 மீட்டரே எல்லை என்பது பொதுவான விதி. அதற்குள்ளேயே சிறிது ஹீலியம் நலம் என்பாரும் உளர். வீண்செலவு என்பாரும் உளர். ஹீலியம் எல்லா அபாயத்தையும் போக்குவதில்லை. அவசரமாக மேலே வந்தால், உடலில் கரைந்த வாயு குமிழிகளாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். படிப்படியாக நின்றே ஏற வேண்டும். மிக ஆழத்துக்கெனப் பிராணவாயு குறைத்த கலவையை மேல்மட்டத்தில் சுவாசித்தால் நினைவிழக்க நேரும். எனவே ஒவ்வொருவரும் தம் உருளையைத் தாமே கருவியால் சோதித்து, கலவையையும் இறங்கத்தக்க ஆழத்தையும் சீட்டில் எழுதி ஒட்டுகின்றனர். பார்சலில் சீட்டு மாறினால் பொருள் வேறூர் சேரும். உருளையில் சீட்டு மாறினால் ஆள் வேறுலகம் சேர்வான். இது கேட்டபின்தான் என் தொழிலும் அவன் விளையாட்டும் ஒன்றே என்று தெளிந்தேன்.

ஆதலால் நான் அவனை மறுக்கவில்லை. "ஓராண்டு 30 மீட்டருக்கு மேற்படாமல் பழகு. நல்லாசிரியரிடம் முறையாகக் கல். உன் உருளையைப் பிறர் சொல் நம்பாமல் நீயே சோதி. பிறகு பணம் தருகிறேன்" என்றேன். அவன் முகம் சிறிது வாடிற்று, பின் இசைந்தான்.

அன்பர்களே! மயங்கியவனுக்குத் தன் மயக்கம் தெரியாது. ஆழத்தின் பெரும் அபாயம் அதுவே. ஹீலியம் வாங்கித் தருவது ஆழத்தை அன்று, அறிவின் தெளிவை. அத்தெளிவைக் கரையிலேயே பெறாதவனுக்கு எந்த வாயுவும் துணை செய்யாது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் கடலுக்கு அஞ்ச வேண்டா. ஆனால் அளவறிந்து இறங்கட்டும். பெற்றோராகிய நாமும் அஞ்சித் தடுக்காமல், கேட்டறிந்து வழிவிடுவோம்.