திறப்பு யார் கையில்?



2021 ஜூன் 12. கொப்பன்ஹேகனில் டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் உதைபந்தாட்டப் போட்டி. முதற்பாதி முடிகிற தறுவாயில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. ஓடிவந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. புல்லில் கிடத்தியபடியே நெஞ்சை அழுத்தினார்கள். கருவியால் ஒரு தடவை கரண்ட் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில் அவர் மறுபடி ஆட்டத்துக்கு வந்தார்.

நம் ஊர் மாவடிப்பள்ளியில் ஒருவர் இப்படி விழுந்தால் நாம் என்ன செய்வோம்? ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு சம்மாந்துறைக்கோ கல்முனைக்கோ பறப்போம். நல்ல மனசுதான். ஆனால் நெஞ்சை அழுத்தாமல், கரண்ட் கொடுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை கழிந்துபோகிறது.

கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இல்லை, அல்லது விக்கி விக்கி இழுக்கிறது என்றால் ஒருவர் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, இரண்டு அங்குலம் இறங்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். மூன்றாமவர் கரண்ட் கொடுக்கும் கருவியான ஏ.ஈ.டி. பெட்டியைக் கொண்டுவரட்டும்.

பெட்டியை இயக்கினால் அதுவே பேசி வழி சொல்லும். நெஞ்சில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஓர் ஒட்டுத் தகட்டை வலது காறை எலும்புக்குக் கீழேயும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்டுங்கள். துடிப்பைக் கருவியே பார்த்துக்கொள்ளும். தேவையென்று கண்டால்தான் கரண்ட் கொடுக்க விடும். அந்த நேரம் யாரும் உடம்பைத் தொடக்கூடாது. கொடுத்த கையோடு மறுபடி அழுத்துங்கள்.

விழுந்தது பெண்ணென்றால் தயங்கி நிற்காதீர்கள். சுற்றியுள்ள பெண்கள் துணியால் மறைவு பிடிக்கட்டும். உயிர் போகிற நேரத்துக்கு இஸ்லாத்தில் சலுகை உண்டு.

1965இல் பெல்பாஸ்ட் வைத்தியர் பிராங்க் பன்ட்ரிட்ஜ் அம்புலன்சில் ஏற்றிய, கரண்ட் கொடுக்கும் கருவி சுமார் 70 கிலோ. இன்றையதை ஒரு பிள்ளையும் தூக்கலாம். இப்படியொரு பெட்டியை ஜும்ஆப் பள்ளிக்கு வாங்கிக் கொடுப்பதும் ஸதகா ஜாரியாதான், நிலைத்து நிற்கும் தர்மம்தான். வசதியுள்ளவர்களும் வெளிநாட்டில் உழைக்கிறவர்களும் யோசியுங்கள்.

ஆனால் வாங்கிய பெட்டியை அலுமாரியில் பூட்டி, திறப்பை ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் என்ன பயன்? சனம் புழங்குகிற இடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டுங்கள். பற்றரியும் ஒட்டுத் தகடும் காலாவதியாகும்; அதைப் பார்க்க ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குங்கள். பெட்டி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நெஞ்சை அழுத்த எந்தக் கருவியும் தேவையில்லை. அதை முதலில் பழகுங்கள்.