கேரீத் வற்றின பிறகு

இந்த வாரம் இளம்பிள்ளையில எங்க வீட்டு மாடியில இருந்து பேசறேன். பின்னாடி கேட்கிற சத்தம் விசைத்தறி. அதை எடிட்ல எடுக்க முடியலை, பொறுத்துக்கோங்க.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் இதைத்தான் கேட்டிருந்தீங்க: "கர்த்தர் ஏற்ற நேரத்துல தருவார்னு சபையில சொல்றாங்க. எனக்கு அஞ்சாம் தேதி இஎம்ஐ இருக்கே, ப்ரோ?" நியாயமான கேள்வி.

1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரம் எடுத்துக்கோங்க. நாடு முழுக்க மழை இல்லை. தேவன் எலியாவை கேரீத் ஆற்றங்கரைக்கு அனுப்புறார். காகங்கள் காலையிலயும் சாயங்காலமும் சாப்பாடு கொண்டுவருது. குடிக்க ஆத்துத் தண்ணி இருக்கு. பல பிரசங்கங்கள் இதோட நின்னுடும். ஆனா அடுத்து அந்த ஆறு வத்திப்போகுது. அவரே அனுப்பின இடம், அவரே குடுத்த தண்ணி. இருந்தும் வத்துது. அதுக்கு அப்புறம்தான் சாறிபாத்துக்குப் போகச் சொல்லி வார்த்தை வருது.

அங்க எலியாவுக்குச் சோறு போடப்போறது யார்? அந்நிய தேசத்து விதவை ஒருத்தங்க. பானையில ஒரு பிடி மாவு, கலயத்துல கொஞ்சம் எண்ணெய். கடைசியா ஒருவேளை மகனோட சாப்பிட விறகு பொறுக்கிட்டு இருக்காங்க. அப்புறம் அந்தப் பானை நிரம்பி வழிஞ்சதுன்னு வேதத்துல இல்லை. மாவு தீரலைன்னுதான் இருக்கு. அன்னன்னைக்குப் போதுமான அளவு, அவ்வளவுதான்.

நான் 2020-ல இன்ஜினியரிங் முடிச்ச செட். ஆஃபர் லெட்டர் கையில இருந்துச்சு, ஆனா பதினோரு மாசம் ஜாயினிங் தேதி வரலை. ஊரடங்குல வீட்டுத் தறியும் நின்னுபோச்சு. எங்க தெருவுல சேலை வியாபாரம் பண்ற ஒரு அக்கா, "தம்பி, இந்தச் சேலையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டு, ஆர்டர் எழுதிக் குடுக்கிறியா?"ன்னு கேட்டாங்க. அவங்க சர்ச்சுக்கு வர்றவங்க இல்லை. அவங்களுக்கே அப்போ வியாபாரம் பாதிதான். அந்தக் காசுலதான் எங்க வீட்டுக்கு அரிசி வந்துச்சு. நான் ஜெபிச்சது ஜாயினிங் தேதிக்காக. வந்தது அரிசி.

"சரி, உங்களுக்கு அரிசியாவது வந்துச்சு. கேட்டது கடைசிவரைக்கும் வரலைன்னா?" அதுக்கு ஏமி கார்மைக்கேலைப் பார்க்கணும். அயர்லாந்துல பிறந்து, 1895-ல இந்தியா வந்தவங்க. 1901-ல ஒரு சிறுமி கோவில் வீட்டுல இருந்து தப்பி அவங்ககிட்ட வந்தா. அதுல இருந்து டோனாவூர்ல ஒரு பெரிய குடும்பமே உருவாச்சு. தேவையை தேவன்கிட்ட சொல்லணும், மனுஷங்ககிட்ட பணம் கேட்கக் கூடாதுங்கிறது அங்க கொள்கை. அதுக்காக ஜெபிச்சிட்டு சும்மா உட்காரலை. குழந்தைகளை ராத்திரி பகலா வளர்த்தாங்க, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நடத்தினாங்க.

1931-ல கீழே விழுந்து பலமா அடிபட்டாங்க. சுகத்துக்காக எத்தனையோ பேர் ஜெபிச்சாங்க. முழு சுகம் வரவே இல்லை. 1951-ல இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ஒரே அறைதான். அங்க இருந்தே புத்தகங்கள் எழுதினாங்க, டோனாவூர் பிள்ளைகளுக்கு அம்மாவாவே இருந்தாங்க. பிள்ளைகளுக்குச் சாப்பாடு வந்த மாதிரி அவங்களுக்குச் சுகம் வரலை. ரெண்டையும் அவங்க ஒரே தேவன்கிட்டதான் கேட்டாங்க. அதனால, விசுவாசம்னா தேதி தெரியறது இல்லைங்க. தேதி தெரியாதப்பவும் அவர் கையை விடாம இருக்கிறது.

இப்போ இஎம்ஐ. ஜெபம் பண்ணுங்க. நாளைக்குக் காலையில பேங்குக்கும் போன் பண்ணி அவகாசம் கேளுங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட நிலைமையைச் சொல்லுங்க. அது அவிசுவாசம் இல்லை. எலியாவும் சாறிபாத் வரைக்கும் நடந்துதான் போனார், அந்த அம்மாகிட்ட வாய்விட்டுத்தான் கேட்டார்.

கையில ஒரு பிடி மாவு இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். யாராவது கஷ்டம்னு சொன்னா, "கர்த்தர் ஏற்ற நேரத்துல தருவார்"னு சொல்றதுக்கு முன்னாடி, "வீட்டுல அரிசி இருக்கா?"ன்னு கேளுங்க. அவங்களுக்கு அந்த ஏற்ற நேரம் உங்க வழியா வரலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.