மூடிய இமைக்குள் ஓடும் விழிகள்

(கொண்டப்பநாயக்கன்பட்டியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூன்றாம் பாடவேளையில் மேசைமீது தலை சாய்க்கும் பிள்ளை நம் எல்லோர் வகுப்பிலும் உண்டு. "ராத்திரி செல்போன் பார்த்திருப்பான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் அது சரிதான். வீட்டில் கொலுசு வேலையோ தறிச் சத்தமோ இருந்தாலும் தூக்கம் கெடும். ஆனால் பத்து மணி நேரம் படுத்திருந்தும் தூங்கி வழியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய தூக்கத்துக்குள் என்ன நடக்கிறது?

இதைத் தேடிய கதை ஒரு சிறுவனிடம்தான் தொடங்குகிறது. 1951 டிசம்பரில் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி, தம் 8 வயது மகன் ஆர்மண்டின் கண்ணருகே மின்வாய்களை ஒட்டித் தூங்க வைத்தார். இரவில் பேனா முனைகள் திடீரென ஆடின. விழித்துவிட்டான் என்று உள்ளே போனால், பையன் அயர்ந்து தூங்குகிறான்; இமைக்குள் விழிகள் மட்டும் ஓடுகின்றன. பழைய கருவியின் கோளாறோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். 1953இல் அவரும் பேராசிரியர் கிளைட்மனும் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். இதைத்தான் ரெம் தூக்கம் என்கிறோம்.

கண் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. முன்புறக் கார்னியா நேர்மின், பின்புற விழித்திரை எதிர்மின். விழிகள் வலப்பக்கம் திரும்பினால் வலது மின்வாயில் நேர்மதிப்பு, இடதில் எதிர்மதிப்பு வரும். மூளை அலையோ இரண்டிலும் ஒரே திசையில் வரும். கணக்கு ஆசிரியர்கள் கவனியுங்கள்: இரு மதிப்புகளையும் பெருக்கினால், விடை எதிர்மறையாக இருந்தால் விழியசைவு, நேர்மறை என்றால் வேறு ஏதோ. நாம் நடத்தும் முழுக்கள் பெருக்கல்தான்! தானாகக் கண்டறியும் நிரல்களின் அடிப்படைகளில் இதுவும் ஒன்று.

முன்பு ஆள்தான் பார்க்க வேண்டும். 30 விநாடிக்கு ஒரு பக்கம். 8 மணி நேரத்துக்கு 960 பக்கங்கள். கணினி அதைச் சில நிமிடங்களில் முடிக்கிறது. ஆனாலும் பிள்ளைகளிடம் அது தடுமாறும். அவர்களுடைய ஆழ்தூக்க அலைகள் பெரியவை. கண் மின்வாய்க்குள்ளும் புகுந்துவிடும். புரண்டு படுப்பார்கள், ஒட்டியதைப் பிய்த்துவிடுவார்கள். பெரியவர்களின் பதிவில் பழக்கிய நிரலை அப்படியே நம்ப முடியாது. தேர்ந்தவர் ஒருவர் மறுபடி பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. விடைத்தாளுக்கு மறுகூட்டல் வைக்கிறோமே, அதுபோல.

தவறினால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ரெம் தூக்கத்தில் உடல் தசைகள் தளரும். தொண்டைத் தசையும் தளரும். டான்சில், அடினாய்டு பெருத்த பிள்ளைக்கு மூச்சுத் தடை அப்போதுதான் அதிகம். அந்த நேரத்தைக் கருவி தவறவிட்டால், எப்போது மூச்சு முட்டுகிறது என்பதே மருத்துவருக்குப் பிடிபடாது. நோயுள்ள பிள்ளைக்கு வகுப்பில் 'மந்தம்' என்ற பெயர் நிலைத்துவிடும்.

பெங்களூரு நிம்ஹான்ஸில் தூக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது. எல்லோரும் அங்கே போக வேண்டியதில்லை. பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களிடம் கேளுங்கள்: தினமும் குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறானா? ஆமாம் என்றால், அந்தச் செல்போனிலேயே பிள்ளை தூங்குவதை இரண்டு நிமிடம் படம் எடுத்து, பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டச் சொல்லுங்கள்.